ஐஸ் கம்பெனியில் மருந்து வைக்கலாமா?

இந்த அவசரப் பொதுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரிய மாமா அவர்களே, பங்கைப் பிரித்தாலும் பாசத்தைப் பிரிக்காத பெரியோர்களே, வேலையைப் போட்டது போட்டபடி வந்திருக்கும் தாய்மார்களே, உறைகுளிரில் நின்று உழைக்கும் தோழர்களே, பின்வரிசையில் அதற்குள் கடிகாரம் பார்க்கத் தொடங்கிவிட்ட நண்பர்களே, வணக்கம்.

நான் மேடைக்காரன் அல்லன். குளிர்பதன இயந்திரத்தைக் கழற்றி மாட்டுகிறவன். நேராகவே சொல்கிறேன். மூன்றாம் அறையில் இருக்கும் மருந்து முழுவதும் திங்கள் காலைக்குள் வெளியேற வேண்டும் என்று சோதனைக்கு வந்த ஆய்வாளர் உத்தரவு எழுதிவிட்டார். அறை பழுதா? இல்லை. குளிர் குறைந்ததா? இல்லை. பின் என்ன குற்றம்? கம்பெனி தொடங்கியபோது பதிவு செய்த அமைப்பு ஆவணம் நமக்கு அனுமதித்த தொழில் ஒரே வரி: ஐஸ் தயாரித்தல், விற்றல்.

ஒன்றரை வருடமாக நாம் என்ன செய்தோம்? ஆஸ்பத்திரியின் இன்சுலினைப் பாதுகாத்தோம். பில்லில் மட்டும் 'ஐஸ் விற்பனை' என்று எழுதினோம். ஆவணத்தை மீறக்கூடாதாம். இந்த மூளை வேறு எந்தக் கம்பெனிக்கு வரும்? சிரிக்கிறீர்கள். ஆய்வாளர் சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு மாசம் நாற்பது டன் ஐஸா? அங்க என்னய்யா, ஜூஸ் கடை நடத்துறாங்களா?"

நம் கணக்கர் சொன்னார்: "நோயாளிங்களுக்குக் காய்ச்சல் ஜாஸ்தி சார்."

கணக்கரைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு பில்லிலும் கையெழுத்து என்னுடையது. தெரிந்தேதான் போட்டேன்.

ஆவணத்தில் மருந்துக்கும் ஒரு வரி சேர்க்கும் தீர்மானம் இன்று நிறைவேறி, நாளை கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்த ரசீதைக் காட்டினால், மருந்து அங்கேயே இருக்கலாம் என்கிறார் ஆய்வாளர். நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். முன்வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் அத்தையிடம் மட்டும் முப்பது சதவீதம். அவர் இல்லையென்றால் இது இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு மருந்துக் குளிரறையும் இல்லை. அந்தப் பெட்டிகளை இறக்கி அடுக்கும் நம் லோடுமேனின் மகளே அந்த ஊசியில்தான் நடமாடுகிறாள்.

காலையில் மாடிப்படியில் அத்தை என்னை நிறுத்தினார். "ஐஸ் உருகினா தண்ணிடா, துடைச்சிட்டுப் போயிடலாம். மருந்து கெட்டா? யார் வீட்டு வாசல்ல போய் நிப்பே?"

நான் கம்ப்ரசரைப் பற்றி விளக்கினேன்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

இப்போது சொல்கிறேன். அத்தை, நேற்று அந்த மருந்து கெட்டிருந்தால் நம் பில் என்ன சொல்லியிருக்கும்? நாங்கள் விற்றது ஐஸ் என்று சொல்லியிருக்கும். யாரும் எந்த வாசலிலும் நின்றிருக்க வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது புதிய வரிக்கா? அந்த வரி இல்லாமல் ஓட்டிய ஒன்றரை வருடத்துக்கா?

என்ன அத்தை? சத்தமாகக் கேளுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். "எழுதித் தருவியா?" என்கிறார்.

தந்துவிட்டேன். 'மருந்துகளைக் குளிரில் பாதுகாத்தல்' என்பது தீர்மானத்தின் முதல் வரி. அதற்குப் பொறுப்பாளர் என்று இரண்டாம் வரியில் இருப்பது என் பெயர். தாள் தலைவரின் மேசையில் இருக்கிறது. எனக்குப் பயம் போகவில்லை. போகவும் கூடாது, பயப்படுகிறவன் கையில்தான் அந்த அறைச் சாவி இருக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் என் படபடப்பைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. கை தூக்குகிறவர்களுக்கும், தூக்காமல் இருந்து என்னைக் கேள்வி கேட்கப் போகிறவர்களுக்கும் என் வணக்கம். தலைவர் அவர்களே, வாக்கெடுப்பை நடத்துங்கள்.