குடும்பத்துக்கு ஒரு பொதி

தனியாக இருப்பவருக்கு ஆட்டிறைச்சி சமைப்பது சற்றுச் சிரமமான காரியம். கொஞ்சமாக வாங்கினால் குழம்பு சேராது. நிறைய வாங்கினால் உண்ண ஆளில்லை. வாக்குமூலத்தை இவ்விடத்திலிருந்து தொடங்குவதற்கு மன்னிக்க வேண்டும், பொறுப்பதிகாரி அவர்களே. சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். ஆயினும் தமிழில் நானே எழுத அனுமதித்தமைக்கு மிக்க நன்றி.

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் நான் நெடுங்காலம் கிளாக்கராக இருந்தேன். ஓய்வு பெற்ற பின்னும் பழைய குவாட்டர்ஸிலேயே இருக்க விட்டார்கள். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கீழே லயத்து வரிசை வீடுகளில் உள்ள தொழிலாளர்கள் என்னைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். உட்காரச் சொன்னவர் எவருமில்லை.

சென்ற ஆண்டு கேகாலையில் புதிதாக ஓர் இறைச்சிக் கடை திறந்தார்கள். மசாலாவில் ஊறவைத்து உறையவைத்த எலும்பில்லாத ஆட்டிறைச்சி, குடும்பத்துக்கு ஒரு பொதி இலவசம், தனிநபர்களுக்கு இல்லை என்று அறிவித்திருந்தார்கள். மேசையில் இருந்த பெண் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். ஐந்து பேர் என்றேன். பொய்தான். ஆனால் சொல்வதற்கு மிகவும் இனிமையாக இருந்தது.

அன்றைய மழையில் மின்சாரம் போய், பொதி குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே இளகிக் கிடந்தது. வீணாக்க மனமின்றி மறுபடி உறையவைத்து, லயத்தில் விஜயகலாவிடம் கொடுத்தேன். அவள் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கணவன் சசிக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் மாமனார் சின்னத்தம்பியும் ஒரு சிறு மகளும் இருந்தார்கள். நான் கொடுப்பதாகச் சொன்னால் கூசுவார்கள் என்பதால், கம்பெனி குடும்பங்களுக்கு இலவசமாக அனுப்பியது என்றேன். தீபாவளிக்கு மட்டும் ஆட்டிறைச்சி பார்க்கும் வீடு அது.

மூவருக்கும் வயிற்றோட்டம் கண்டது. சுகம் விசாரிக்கப் போனேன். நோயாளி இருக்கும் வீட்டில், விசாரிக்க வந்தவரை யாரும் வாசலோடு அனுப்புவதில்லை. உட்காரக் கதிரை போட்டார்கள். நான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். சிறுமி என் மடியிலேயே தூங்கிப்போனாள்.

"கிளாக்கரய்யா கையால கஞ்சி கெடைக்கும்னு தெரிஞ்சிருந்தா நான் முன்னமே சீக்குல விழுந்திருப்பேனுங்க" என்று சின்னத்தம்பி படுத்தபடியே கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம்.

அவர்கள் குணமானதும் கதிரை உள்ளே போய்விட்டது. மறுபடியும் வணக்கம் மட்டுமே.

அதன்பின் பொதிகளை நானே விலைக்கு வாங்கினேன். "ஐயா வீட்டுல ஆக்கள் கூடிட்டாங்க போல" என்றார் கடைக்கார நஜீப். ஆம் என்றேன். கம்பெனியின் பெயரால் அதே வீட்டுக்கே கொடுத்தேன். விஷம் எதுவும் வைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். சன்னலோரம் வெயில் படும்படி வைத்துவிட்டு, பிறகு உறையவைத்தேன், அவ்வளவுதான். மசாலாவின் காரத்தில் எதுவும் தெரியாது. மறுபடியும் அவர்களுக்கு வயிற்றோட்டம் கண்டபோது, மலையிலிருந்து பீலியில் வரும் தண்ணீர்தான் கெட்டிருக்க வேண்டும் என்று நானே சொன்னேன். விஜயகலா தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றத் தொடங்கினாள். இறைச்சியை நன்றியோடு வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் முறை சின்னத்தம்பி மிகவும் தளர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று விஜயகலா சொன்னாள். மழை விடட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றேன். என் சொல்லை அவள் தட்டமாட்டாள். மழை விடுவதற்குள் அவர் போய்விட்டார். வாயில் தண்ணீர் விட்டது நான்தான். சசி வந்து சேரும்வரை பெட்டி எப்போது, பந்தல் எங்கே என்று எல்லோரும் என்னிடமே கேட்டார்கள். அந்த வீட்டு ஆளாக நின்றேன்.

கருமாதி முடிந்து உறவினர்கள் கலைந்தார்கள். சசியும் கொழும்புக்குப் போனான். மறுநாள் விஜயகலா எனக்கென்று தட்டில் சோறு மூடி எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். அதற்குமுன் அவள் என் வீட்டுப் படியேறியதில்லை. சன்னலில் பொதிகள் இருந்தன.

"ஏங்கய்யா இதை வெயில்ல வச்சிருக்கீங்க?"

"உங்க வீட்டுக்குத்தான்" என்றேன். அவளிடம் பொய் சொல்வது சரியாகப் படவில்லை.

அவள் பொதிகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா வாயில தண்ணி விட்டது நீங்கதானேங்க" என்றாள் பிறகு. தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இறைச்சியைக் கெடுத்தது நான். மழை விடட்டும் என்றதும் நான். சன்னலில் இருந்தவற்றைச் சிறுமியும் உண்பாள் என்பது எனக்குத் தெரியும். இவற்றை முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறேன்.

என்னை இங்கே கொண்டுவந்த பின் விஜயகலா ஒருமுறையும் பார்க்க வரவில்லை. அவள் அப்படி இருக்கக்கூடியவள் அல்ல; உடம்புக்கு முடியாமல் இருக்கிறாள் போலும். ஒருதடவை போய்ச் சுகம் விசாரித்துவர அனுமதி தருமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன்.