கோடு சடார்னு இறங்கின வாரம்

என் மாமனார் ஒன்னு சொல்லுவாரு மேடம். நின்ன இடத்துல ஒரு வண்டி உறுமிக்கிட்டே இருந்துச்சுன்னா... அதுக்கப்புறம் என்னமோ வரும். மிச்சம் சுத்தமா ஞாபகத்துல இல்ல. நாப்பது வருஷம் லாரி ஷெட் வச்சிருந்த மனுஷன். போன வாரம் போன் போட்டு அவரையே கேட்டேன். நான் எங்க மாப்ள அப்படியெல்லாம் சொன்னேன்றாரு. என் பொண்டாட்டி பக்கத்துல நின்னு சிரிக்கிறா, உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மூளைதான் போலன்னு.

பாத்து, அந்த ஒயரைத் தாண்டி வாங்க. சார்ஜ் ஏறிக்கிட்டிருக்கு. கைப்பிடியில கை வச்சிடாதீங்க, பெயின்ட் இன்னும் காயல. புகை குறைப்பு விருதுக் கமிட்டியிலேந்து ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சதும் முதலாளி வாசல் வரைக்கும் பச்சை அடிக்கச் சொல்லிட்டாரு. நல்லவேளை, என்னை விட்டுட்டாங்க.

ஆமா, எல்லாமே ஆஸ்பத்திரித் துணிதான். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டர் அங்கி. அழுக்கை எடுத்துட்டு வந்து வெளுத்துக் கொண்டு போய்க் குடுக்கணும். மொத்தம் இருபத்திரண்டு வண்டி. நான் வந்தப்போ அத்தனையும் டீசல். காலையில ஆறு மணிக்கு எல்லாத்தையும் ஒன்னா ஸ்டார்ட் பண்ணுவாங்க பாருங்க, இந்த யார்டுல எதிர்ல நிக்கிற ஆள் முகம் தெரியாது. இப்போ பதினாறு வண்டி கரன்ட்ல ஓடுது. சத்தத்தையே காணோம், இல்ல? எனக்கே சில நாள் பின்னாடி வந்து நிக்கிறது தெரியாம தூக்கிவாரிப் போடும்.

நானா? பதினெட்டு வருஷம் வெளிநாட்டுல இருந்தேன். அங்கயும் இதே வேலைதான், பெரிய கம்பெனி, ஐந்நூறு வண்டி. திரும்பி வந்து ரெண்டரை வருஷம் ஆகுது. வந்த புதுசுல எனக்கு எல்லாம் தெரியும்னு நினைப்பு. தெரியாமலும் இல்லன்னு வைங்க.

இங்க உக்காருங்க. இதான் நான் உங்களுக்கு அனுப்பின வரைபடம், வாரா வாரம் வண்டிங்க நின்ன இடத்துலயே எவ்வளவு நேரம் டீசல் எரிச்சுதுன்னு. பெருசா அடிச்சு ஒட்டியிருக்கோம். புது வண்டி வர்றதுக்கு முன்னாடியே புகையைக் குறைக்கணும்னு நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ஒவ்வொரு வண்டியிலயும் ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சின்னப் பெட்டி. சக்கரம் சுத்தல, ஆனா எஞ்சின் ஓடுதுன்னா, அந்தப் பெட்டி எண்ணும். மூணு நிமிஷம் தாண்டினா சிவப்பு மார்க். மாசக் கடைசியில டிரைவர் பேரை எல்லாம் வரிசையா போர்டுல போட்டேன். மேல இருக்கறவங்களுக்குப் புது வண்டி முதல்ல. கீழ இருக்கறவங்களுக்கு... ஒன்னும் இல்ல, பேர் சிவப்புல இருக்கும். அவ்வளவுதான்.

போர்டுல கடைசியில இருக்கற அந்தப் பேரா? அழிச்சது இன்னும் தெரியுதா உங்களுக்கு? கண்ணு நல்லா இருக்கு மேடம்.

விசிலண்ணன்னு கூப்பிடுவோம். பதினாலாம் நம்பர் வண்டி. அதுல ரிவர்ஸ் எடுத்தா அடிக்கிற பீப் எப்பவோ செத்துப் போச்சு. அதனால பின்னாடி வர்றப்போ தலையை வெளியில நீட்டி அவரே விசில் அடிச்சுக்கிட்டு வருவாரு. சினிமாப் பாட்டுதான். பின்னாடி யாராவது நின்னா பாட்டு மாறும். என்னைவிட அஞ்சு வயசு பெரியவரு, இருபத்தாறு வருஷ சர்வீஸ். நான் அண்ணேம்பேன், அவரு என்னை சாரும்பாரு. அது ஒரு மாதிரி கூச்சமா இருக்கும், ஆனா அப்படியே பழகிப் போச்சு.

எல்லா மாசமும் கடைசிப் பேர் அவருதான். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா இருபது நிமிஷம், இருபத்தஞ்சு நிமிஷம், எஞ்சின் ஓடிக்கிட்டே நிக்கும். முதலாளி மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு, என்னய்யா, டீசல் உன் வீட்டுக் கிணத்துலயா ஊறுதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. விசிலண்ணன் அவரைப் பாக்கல. என்னைப் பாத்தாரு. சாருக்குத் தெரியாததா, அப்படின்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. முதலாளி அதைத் திமிர்னு எடுத்துக்கிட்டாரு.

நான் மீட்டிங்ல அடுத்த விஷயத்துக்குப் போயிட்டேன்.

இல்ல மேடம், அவரு ஏன் அப்படிச் சொன்னாருன்னு சொல்றேன். டீ ஆறிடப் போகுது, குடிச்சுக்கிட்டே கேளுங்க. அந்த ஆஸ்பத்திரியில துணி ஏத்துற இடம் கீழ்த்தளத்துல. சரிவுல இறங்கிப் போகணும். பதினாலாம் நம்பருக்குப் பேட்டரி போயிடுச்சு. ஒருதடவை அணைச்சா தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். ஈரத்துணி ஏத்தின வண்டியை அந்தச் சரிவுல யாரு மேலேத்தித் தள்ளுறது? அதான் அணைக்காம வச்சிருந்தாரு.

எனக்குத் தெரியுமாவா? பேட்டரி வேணும்னு மூணு தடவை எழுதிக் குடுத்தாரு. மஞ்சத் தாள், அவர் கையெழுத்து, கோணல் மாணலா. நான்தான் ஒவ்வொன்னுலயும் எழுதினேன்: பழைய வண்டி, புது வண்டி வரும் வரை கோரிக்கையை நிறுத்தி வைக்கவும். கீழ என் கையெழுத்து. போகப்போற வண்டிக்கு எதுக்குப் புதுப் பேட்டரின்னு ஒரு கணக்கு. புது வண்டி அடுத்த மாசம் வந்துடும்னு நினைச்சேன். கரன்ட் லைன் இழுக்கவே ஏழு மாசம் ஆச்சு. அதுக்குள்ள அந்தத் தாளை மறந்துட்டேன்னு சொல்லலாம். மறக்கல. அவர் பேரைச் சிவப்புல எழுதும்போதெல்லாம் அது என் மேஜை டிராயர்லதான் இருந்துச்சு.

அந்த மீட்டிங்குக்கு அப்புறம் ஒருநாள் மனுஷனுக்கு ரோஷம் வந்துடுச்சு. சிவப்பு மார்க் வாங்கக் கூடாதுன்னு கீழ்த்தளத்துல எஞ்சினை அணைச்சுட்டாரு. கிளம்பல. அன்னிக்கு மத்தியான ஆபரேஷனுக்குப் போக வேண்டிய அங்கியும் அதே வண்டியில. ரெண்டு மணி நேரம் லேட். பேஷன்ட்டுக்கு ஒன்னும் ஆகல, நல்லவேளை. ஆனா ஆஸ்பத்திரியிலேந்து கடுதாசி வந்துச்சு. ஓட விட்டதுக்கு ஒரு குற்றம், அணைச்சதுக்கு ஒரு குற்றம். ரெண்டையும் சேத்து அவரை வேலையிலேந்து நிறுத்தி வச்சாங்க. இங்கிலீஷ்ல இருந்துச்சு அந்த நோட்டீஸ். என்ன சார் எழுதியிருக்குன்னு என்கிட்டயே கொண்டு வந்து நீட்டினாரு. நின்ன இடத்துல தமிழ்ல படிச்சுச் சொன்னேன். பொறுப்பில்லாத நடத்தைன்னு இருந்த இடத்தைக் கொஞ்சம் மெத்துன்னு ஆக்கி, கவனக்குறைவுன்னு சொன்னேன். ரொம்ப நன்றி சார்ன்னாரு. அந்த நோட்டீஸ்லயும் என் கையெழுத்துதான்.

விசாரணை நாளைக்கு. வெளியிலேந்து ஒரு வக்கீலை அதிகாரியா போட்டிருக்காங்க. பேட்டரி கேட்டேன்னு விசிலண்ணன் எழுதிக் குடுத்திருக்காரு. ஆதாரம் எங்கன்னு கம்பெனி கேக்குது. அவர்கிட்ட நகல் கிடையாது. ஸ்டோர் புக்குல ஏறாது, ஏன்னா நான் நிறுத்தி வச்சுட்டேனே. நேத்து முதலாளி என் தோள்ல கை போட்டு, அந்த மாதிரித் தாள் எதையும் நீங்க பாத்திருக்க வாய்ப்பே இல்ல, அப்படித்தானேன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. விருது வர்ற நேரம் பாருங்கன்னாரு. நானும் சிரிச்சு வச்சேன். வீட்டுக்குப் போயி சோத்தைத் தட்டுலயே வச்சுட்டு எந்திரிச்சுட்டேன். யாரோட சண்டைன்னு கேட்டா என் பொண்டாட்டி. யாரோடயும் இல்லன்னேன்.

நீங்க வந்ததும் முதல்ல இந்தக் கோட்டைத்தானே தொட்டுக் காட்டினீங்க? இங்க சடார்னு இறங்குதே, இந்த வாரம் அப்படி என்ன செஞ்சீங்க, மத்த கம்பெனிக்கும் சொல்லலாமேன்னு. புது வண்டி அதுக்கு மூணு வாரம் கழிச்சுத்தான் வந்துச்சு மேடம். அந்த வாரம் நாங்க ஒன்னும் செய்யல. விசிலண்ணன் வேலைக்கு வரல. பதினாலாம் நம்பர் அதோ அந்த மூலையில நின்னுடுச்சு. அவ்வளவுதான்.

எழுதிக்கங்க, நான் சொன்னேன்னே எழுதிக்கங்க.

இன்னிக்குக் காலையில, நீங்க வர்றதுக்கு முன்னாடி, அந்த மூணு மஞ்சத் தாளையும் கொண்டு போயி விசாரணை அதிகாரி கையில குடுத்துட்டேன்.