அண்ணனின் உயரம்

சிவாஜிநகரில் ஏறிய பஸ்ஸில் முன் இருக்கைப் பேச்சு என் காதில் விழுந்தது.

“எங்க அண்ணன் உயரத்தைத் தொலைச்சிட்டோம், ஸ்டீபன்.”

சொன்னவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். மடியில் பழைய ரேஸ் சைக்கிளின் சீட்டு, அதைத் தாங்கும் இரும்புக் குழாயோடு. கண்ணாடிபோல் மின்னிய குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன சிவா இப்படிச் சொல்ற? வண்டி புதுசு மாதிரி ஆயிடுச்சுன்னு நீதானே குதிச்ச?”

“குதிச்சேன்தான். அண்ணன் செத்தப்புறம் இந்த சீட்டை யாரும் ஏத்தல, எறக்கல. அவன் காலுக்கு வச்ச உயரத்துலயே நின்னுச்சு. குழாய் பிரேமுக்குள்ள போற எடத்துல துரு ஒரு கோடு போட்டிருந்துச்சே, பாத்தியா?”

“பாலீஷ்ல மொதல்ல போனதே அதுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டேப் சுத்தி வச்சிருப்பேன்ல?”

“எனக்கும் தோணலையே. துளி துரு இருக்கக் கூடாதுன்னு உன் உயிரை எடுத்தவனே நான்தான்.”

பஸ் சிக்னலில் நின்றது. ஸ்டீபன் குழாயை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கோடு ஒண்ணும் தெரியல. பேஜார் பண்ணிக்காத. உன் காலுக்கு ஏத்த மாதிரி வச்சு ஓட்டு.”

“வச்சேன். இத்தன வருஷமா அதுல ஏறி உக்காந்தா எனக்குப் பெடல் எட்டாது. அண்ணன் இருந்தப்ப குள்ளான்னு சிரிப்பான்.”

சீட்டை மடியோடு அணைத்துக்கொண்டார்.

“நேத்து எட்டிடுச்சுடா.”