சுவரோரம் சாய்ந்தவன், சுமையோடு சாய்ந்தவன்

இந்த ஊர் ஒரு பெண்ணை, ஒரு தீங்கும் செய்யாதவளை, சூனியக்காரி என்று பெயர் சூட்டி ஊரைவிட்டு அனுப்பியது. போனவள் மின்னுபா, என் மனைவி. அனுப்பியவர்கள் இந்தப் பந்தலின் கீழ்தான் அமர்ந்திருக்கிறீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டேன். இனி வணக்கம் சொல்கிறேன். முறை மாறிவிட்டதே என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

இந்த அறுவடை விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் பீர்தாங் ஊர்த் தலைவர் அவர்களே! விதைக்கவும் அறுக்கவும் நாள் குறித்துத் தரும் மண்ணின் பூசாரி அவர்களே! நரை கண்ட பெரியோர்களே! மாவு ஆலைச் சங்கத்தின் மாண்புமிகு தாய்மார்களே! வெயில் ஏறும் முன்னே சோளக்கள் காய்ச்சி இறக்கி, ஊரின் நாவையும் நையாண்டியையும் நனைத்து வைக்கும் சகோதரிகளே! என் குலத்தை ஏசுவதற்கென்றே பிறந்த கேலிமுறைக் குலத்தாரே! பந்தலுக்குள் வர மனமில்லாமல் அந்த வேப்பமரத்தடியில் நிற்கும் கூனிஃபா அவர்களே! எல்லோருக்கும் ஜியெம்மின் வணக்கம்.

என்னை ஜீல் வாசிக்கத்தான் அழைத்தீர்கள். ஜீல் இதோ இருக்கிறது. மரச்சட்டங்களை இறுக்கிக் கட்டியாயிற்று; அடியில் சுரைக்குடுக்கைகள் காற்றுக்குக் காத்திருக்கின்றன. குச்சிகள் என் கையில் இருக்கின்றன. ஆனால் குச்சி பேசும் முன் நான் பேசப் போகிறேன்.

யாரது சத்தம் போடுவது? பாயோரா? "டேய் ஜியெம், கெழட்டுக் கழுதை, கத்துறத நிறுத்திட்டு கட்டையத் தட்டுடா!" என்கிறாயா? நன்றி. நீ கேலிமுறைக்காரன், நீ ஏசினால் எனக்குக் கோபம் வரக்கூடாது என்பது நம் முன்னோர் வகுத்த வழக்கம். வரவில்லை. உட்கார். உன்னிடம் பிறகு வருகிறேன்.

யார் இந்த ஜியெம்? மழை நாளில் மண்வெட்டி பிடிப்பவன். சந்தை நாளில் வித்தை காட்டுபவன். சாவு நாளில் ஜீல் வாசிப்பவன். பள்ளிக்கூடத்துக்குள் நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். கூரைக்குத் தகரம் அடிக்க. எழுத்துகளைச் சிமெண்டு மூட்டைகளில் படித்தேன். வித்தையைத் தெற்கே, கொக்கோ தோட்டத்தில் கூலி வேலை செய்த காலத்தில், ஒரு லாரி ஓட்டுநரைப் பார்த்துப் படித்தேன். சோதனைச் சாவடியில் முறைத்துக்கொண்டு நின்ற காவலரின் காதுக்குப் பின்னாலிருந்து அவர் ஒரு கோழிமுட்டையை எடுத்தார். காவலர் விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார், சிரித்த கை தடியைத் தூக்கவில்லை, குறுக்குக் கம்பத்தைத் தூக்கியது. இதைவிடப் பெரிய கல்வி எது? அன்றிரவே என் தட்டிலிருந்த முட்டையை உள்ளங்கையில் ஒளித்துப் பழகத் தொடங்கினேன். உடைந்த முட்டைகளுக்குக் கணக்கில்லை.

தாய்மார்களே, வித்தைக்காரனின் தொழில் என்ன? பொய் சொல்வது. ஆனால் எப்படிப்பட்ட பொய்? சந்தையில் வட்டம் போட்டு நின்றதும் நான் முதலில் என்ன சொல்வேன்? எங்கே, சொல்லுங்கள்! ஆம். "நான் பொய்க்காரன், கண்ண நல்லாத் தொறந்து வச்சுக்கோங்க!" அதைச் சொல்லாமல் நான் ஒரு கினிக்கோழியைக்கூடப் பையிலிருந்து எடுத்ததில்லை. பொய் என்று சொல்லிவிட்டுப் பொய் சொல்பவன் வித்தைக்காரன். மெய் என்று சொல்லிவிட்டுப் பொய் சொல்பவன் யார்? நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

வித்தை காட்டும் இந்தக் கைகள்தான் உங்கள் வீட்டுச் சாவுகளிலும் வாசித்தன. இறந்தவரின் குலத்தை ஜீல் கூப்பிடும், பிள்ளைகள் அழுவார்கள், அழுகை ஓயும்போது தாளத்தை ஏற்றி, அவர்களைத் தூக்கி நிறுத்தி ஆட வைப்பேன். சந்தையில் சிரிப்பு, சாவில் கண்ணீர். இரண்டுக்கும் ஒரே கை. இரண்டுக்கும் ஒரே மொழி. ஏனென்றால் நம் ஜீல் வெறும் சத்தம் போடுவதில்லை. நம் பேச்சின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அப்படியே எடுத்துப் பேசுகிறது. அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊர் ஆட்டுக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும் வாத்தியார்களுக்கும் லாரிக்காரர்களுக்கும் மட்டும் தெரியாது.

அதுதானே நம் பெரிய வித்தை! மின்னுபா கண்ணைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பாள். வெளியூர்க்காரர் தன் பொருளைக் கூட்டத்தில் யாரிடமாவது ஒளித்து வைப்பார். நான் ஜீலைத் தட்டுவேன். அவள் நேராக நடந்து போய் எடுத்துவிடுவாள். கட்டிய துணியில் மூக்கோரம் இடைவெளி உண்டு, கால்கள் தெரியும். யாரிடம் போக வேண்டும் என்பதை நான் ஜீலில் ஊரறியச் சொல்லிக்கொண்டிருப்பேன். ரகசியத்தைக் கூரைமேல் ஏறிக் கூவுவது போன்றது அது! வெளியூர்க்காரர் வாயைப் பிளப்பார். நீங்களோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடேயப்பா, எப்படித்தான் கண்டுபிடிச்சாளோ!" என்று அவர் தோளைத் தட்டுவீர்கள். அந்த வித்தையில் நான் ஒருவனா வித்தைக்காரன்? இந்த ஊரே வித்தைக்காரன்!

அப்படியென்றால், அவள் எப்படிச் சூனியக்காரி ஆனாள்?

ஆலைச் சங்கத்துத் தாய்மார்களே, உங்கள் ஆலையின் இன்ஜினைச் சுற்றித் தொடக்கும் இரும்புக் கைப்பிடி காணாமல் போயிருந்த காலம் அது. சோளத்தைத் தலையில் சுமந்து பக்கத்து ஊர் ஆலைக்கு நடந்தீர்கள். அது கூனிஃபாவின் மைத்துனர் ஆலை. கழுத்து வலிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே களி கிண்டினீர்கள். அப்போது ஒரு சந்தை நாள். கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த அமிசா வாத்தியார் தன் கைக்கடிகாரத்தைப் பாயோரின் தொப்பிக்குள் ஒளித்தார். பாயோர் கள்ளுக்கடைச் சுவரோரம் சாய்ந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை போல் பல் குத்திக்கொண்டிருந்தான். நான் வாசித்தேன்: "சுவரோரம் சாய்ந்தவன்."

பெரியோர்களே, உங்கள் காதைக் கேட்டுப் பாருங்கள். "சுவரோரம் சாய்ந்தவன்", "சுமையோடு சாய்ந்தவன்": ஜீலில் இரண்டுக்கும் ஏதாவது வேறுபாடு உண்டா? அதே ஏற்றம். அதே இறக்கம். வாயால் சொன்னால் இரண்டு பேர். கட்டையில் தட்டினால் ஒரே ஆள். பாயோர் சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்த நீங்கள் சுவர் என்று கேட்டீர்கள். கண் கட்டியிருந்த மின்னுபா சுமை என்று கேட்டாள். அங்கே ஒருவர் நிலக்கடலை மூட்டையில் சாய்ந்து லாரிக்குக் காத்திருந்தார். அவள் அவரிடம் நடந்தாள். எங்கே இருக்கிறது என்பதை நான் வாசிக்கும் முன்பே அவள் கை மூட்டைக்குள் போய்விட்டது. வெளியே வந்தது கடிகாரம் அல்ல. உங்கள் கைப்பிடி.

மூட்டைக்குச் சொந்தக்காரர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? வேப்பமரத்தடியில் கொஞ்சம் நிழல் மாறி நிற்கிறாரே, அவர்தான்.

திருட்டு வெளிப்பட்டது. திருடியவரையா கேட்டீர்கள்? அவர் முந்திக்கொண்டார். "ஜீலு சொன்னது ஒண்ணு, இவ போனது ஒண்ணு! யாரும் சொல்லாம இவளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது? நான் அத லாரி ரோட்டுல கண்டெடுத்தேன், குடுக்கத்தான் வந்தேன். இவ சூனியக்காரி! என் மூட்டையத் தொட்டுட்டா, இனி என் வீட்டுல என்ன ஆகுமோ!" என்றார். சில நாள் கழித்து அவர் மாடு ஒன்று செத்தது. மாடு சாகாத ஊர் எங்கே இருக்கிறது? அவருடைய தம்பி மகனுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் காய்ச்சல் வராத வீடு எங்கே இருக்கிறது? கூட்டம் கூடியது. மின்னுபா ஒரு சட்டியையும் இரண்டு துணியையும் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

வித்தை பலித்த நாளெல்லாம் நீங்கள் அதை விளையாட்டு என்றீர்கள். வித்தை தவறிய ஒரு நாளை மந்திரம் என்றீர்கள்! அவள் சரியாகக் கண்டுபிடித்தபோது கைதட்டியவர்கள், அவள் தவறாகக் கண்டுபிடித்தபோது கல்லெடுத்தீர்கள்!

உங்கள் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. யோசித்துப் பார்த்திருக்கிறேன், வயலில் யோசித்தேன், வாசிக்கும்போதும் யோசித்தேன். அன்று நீங்கள் கேட்டது உண்மை. ஜீல் "சுவர்" என்றது, அவள் வேறெங்கோ போனாள். முதுகு சில்லிடத்தான் செய்யும். அச்சம் வருவது குற்றமல்ல. வந்த அச்சத்தை உட்கார வைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, "நீ யார், எங்கிருந்து வருகிறாய்?" என்று விசாரிக்காமல் விட்டதுதான் குற்றம். அறியாத விருந்தாளியைக்கூட நாம் அப்படித்தானே விசாரிக்கிறோம்?

ஒன்று கேட்கிறேன். அவள் தொட்டதெல்லாம் கேடு என்றால், அவள் தொட்டெடுத்த கைப்பிடியால் ஓடும் ஆலையில் இன்றும் மாவு அரைக்கிறீர்களே, எப்படி? இன்று காலை இந்தப் பந்தலில் பரிமாறிய களி யார் கண்டெடுத்த கைப்பிடியில் அரைத்த மாவு? வயிற்றுக்குள் போகும்போது அது மாவு. வீட்டுக்குள் வரும்போது மட்டும் அவள் சூனியமா?

நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். கிழக்கே, பேருந்து மாறி மாறிப் போக வேண்டிய இடம். துரத்தப்பட்ட பெண்களின் குடிசைகள். தண்ணீர் தூரம், பிறர் வயலில் சிந்திய கடலையைப் பொறுக்கித் தின்கிறார்கள். அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் என்னைப் பார்த்ததும், "என்ன பெரிய மனுசா, வழி கண்டுபிடிச்சிட்டியே! யாரு ஜீலு வாசிச்சா?" என்றாள். பிறகு சொன்னாள்: "இத்தன வருசத்துல நான் நெசமாவே தப்பாப் போனது அந்த ஒரு நாளுதான். அதுக்குப் போயி சக்தின்னு பேரு வச்சிட்டாங்களே." சிரித்தாள். பக்கத்துக் குடிசைக்காரியைக் காட்டினாள். "இந்த அக்காவப் பாக்க யாரும் வந்ததே இல்ல. உன்னக் கொண்டு வந்து உக்கார வச்சா, தம் புருசன் வந்தாலும் இப்பிடித்தான் இருப்பான்னு பாக்குறாங்க. கொஞ்சம் நேரா உக்காரு."

நேராக உட்கார்ந்தேன், தாய்மார்களே. இன்னும் நேராகத்தான் நிற்கிறேன்.

பாயோர்! இப்போது உன்னிடம் வருகிறேன். கடிகாரம் உன் தொப்பிக்குள் இருந்தது. ஜீல் உன்னைத்தான் கூப்பிட்டது. இரண்டு சொல்லுக்கும் ஒரே ஓசை என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதை வைத்தே என்னைப் பல முறை கேலி செய்தவன் நீ. ஏன் வாய் திறக்கவில்லை? ... என்ன? உரக்கச் சொல். எல்லோருக்கும் கேட்கட்டும்.

"எனக்கும் பயமா இருந்துச்சுடா."

கேட்டீர்களா? என் வாழ்நாளில் பாயோர் என்னைத் திட்டாமல் சொன்ன முதல் வாக்கியம் அது. அதற்கு நான் தலை வணங்குகிறேன். இந்தப் பந்தலில் அச்சப்படாதவர்கள் எத்தனை பேர்? அச்சப்பட்டேன் என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? ஒருவன் சொன்னான். ஒருவன் சொன்னால் ஊர் சொல்லலாம். ஊர் சொன்னால் பேருந்து திரும்பி வரும்.

ஆகவே, யார் யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி அமர்கிறேன். கெஞ்சவில்லை. சொல்கிறேன்.

ஊர்த் தலைவர் அவர்களே, மின்னுபா மீது குற்றமில்லை என்று இந்த மேடையிலேயே, இந்தக் கூட்டம் கலையும் முன், உங்கள் வாயால் அறிவியுங்கள். கூட்டத்தில் விதித்ததைக் கூட்டத்தில்தான் நீக்க முடியும். வீட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டு நீக்க முடியாது.

கூனிஃபா அவர்களே, கைப்பிடி உங்கள் மூட்டைக்குள் எப்படி வந்தது என்பதை அடுத்த சந்தையில் ஆலைத் தாய்மார்கள் முன் நின்று சொல்லுங்கள். நான் உங்களைத் துரத்தச் சொல்லவில்லை. துரத்துவது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

மண்ணின் பூசாரி அவர்களே, அவள் ஊர் எல்லையை மிதிக்கும்போது நீங்கள் அங்கே நில்லுங்கள். மண் அவளை ஏற்கிறது என்று மண்ணுக்கும் மனிதருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.

பாயோர், உன் குலத்தாரை அழைத்துக்கொண்டு அடுப்புச் சாம்பலோடு வா. கொலைப் பகையானாலும் கேலிமுறைக்காரன் சாம்பலை வீசினால் அடங்க வேண்டும் என்பது நம் வழக்கம். என் வீட்டு வாசலில் வீசு, கூனிஃபா வீட்டு வாசலிலும் வீசு. வீசிக்கொண்டே என்னை ஏசு, கேட்டு நாளாயிற்று.

ஆலைத் தாய்மார்களே, உங்களில் இருவர் என்னோடு பேருந்து ஏறுங்கள். கணவன் அழைத்தால் கணவன் அழைத்தது. நீங்கள் அழைத்தால்தான் ஊர் அழைத்தது. போகும்போது, பக்கத்துக் குடிசை அக்காவின் ஊர் எது, வீடு எது என்று கேட்டு வாருங்கள். அவள் வீட்டாரிடமும் யாராவது ஒருவர் போய் நிற்க வேண்டும். அதற்கு நான் போகிறேன்.

இளைஞர்களே, அவள் அடுப்படிக் கூரை சரிந்து கிடக்கிறது. மழைக்கு முன் ஏறுங்கள். தகரம் அடிக்க நான் சொல்லித் தருகிறேன்.

நானோ, அவள் வரும்வரை உங்கள் சாவுகளுக்கு வாசிப்பேன். இறந்தவர்கள் எனக்குத் தீங்கு செய்யவில்லை. உங்கள் கொண்டாட்டங்களுக்கு வாசிக்க மாட்டேன். இன்றும் மாட்டேன். குச்சிகளை இதோ கீழே வைக்கிறேன்.

இவ்வளவு நேரம் இந்த வெக்கையில் உட்கார்ந்து கேட்ட எல்லோருக்கும் நன்றி. கேட்க விரும்பாமலே கேட்டவர்களுக்கு இரட்டை நன்றி. வணக்கம். ஊர்த் தலைவர் அவர்களே, ஒலிவாங்கியைத் தங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். பேசுங்கள்.