‘வரலாம்’ என்று கூப்பிட்டவன்

மணி ஒன்றரை. அரியலூர் தாண்டி, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிப் போகும் மண் பாதை. தெருவிளக்கு கிடையாது. நிலா இல்லாத ராத்திரியிலும் பாதை மட்டும் வெளிறித் தெரியும்... அவ்வளவு தூசு. எல்லாரும் போன் டார்ச்சை அணையுங்கள். பிரசாத், நீ நடுவில் உட்கார்ந்துகொள். உனக்கு இப்போதே வியர்த்துவிட்டது.

நம் பாலாஜியின் அத்தை மகன் அறிவரசன், வேப்பந்தட்டைக்காரன். சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். ஜெயங்கொண்டத்தில் வெங்காயம் இறக்கிவிட்டு, குறுக்கு வழி என்று அந்தப் பாதையில் விட்டான். பாதி தூரத்தில் மண்ணைக் கொட்டி மறித்திருந்தார்கள். திருப்ப இடமில்லை. ரிவர்ஸ்தான். தொண்டையில் தூசு ஏறி, வழக்கமான இரண்டு இருமல். க்ஹும்... க்ஹும். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தூசு ஆகாது.

பின்னாலிருந்து ஒரு குரல். கொஞ்சம் வயசான குரல்.

"வரலாம்... வரலாம்... வா வா வா..."

அறிவரசன் யாரென்று பார்க்கவில்லை. யார்தான் பார்ப்போம்? நம் ஊரில் வண்டி பின்னால் நகர்ந்தால் போதும், எங்கிருந்தோ ஒருவர் முளைத்து வழி சொல்வார். கூலி கேட்க மாட்டார். பெயர் சொல்ல மாட்டார். பெற்றோர் பேச்சைக் கேட்காதவன்கூட அவர் பேச்சைக் கேட்பான்.

"இன்னும் வரலாம்..."

பின் சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கியது. பிரேக்கை மிதித்தான். ஒரு கல் உருண்டது. சத்தமே இல்லை... அப்புறம் கீழே, தண்ணீரில், 'தொபுக்'.

விடிந்ததும் டிராக்டர் வைத்து இழுத்தார்கள். கூப்பிட்டவனை யாரும் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கமே போவாத சாமி. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போயி ஒரு வெளக்கு ஏத்திட்டு வந்துரலாம்" என்றாள் அவன் அம்மா ஆண்டாயி.

"வெளக்குதானம்மா? ஏத்திருவோம்."

நேரே பெரம்பலூர். பின்னால் இரண்டு பெரிய எல்.இ.டி. ரிவர்ஸ் லைட்.

"எதுக்குண்ணே இவ்ளோ வெளிச்சம்? பின்னாடி வர்றவன் கண்ணு அவிஞ்சிரும்" என்றான் மாட்டிக்கொடுத்த பிரேம்குமார்.

"வர்றவனுக்கு இல்லப்பா. கூப்புட்டவனுக்கு. என்னக் கொல்லப் பாத்தான்ல... அவன் மூஞ்சியப் பாக்கணும்."

அதே பாதை. அதே நேரம். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் பின்னால் பட்டப்பகல். ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் தனித்தனி நிழல். ஆள் மட்டும் இல்லை.

"வரலாம்... வரலாம்..."

குரல் பள்ளத்துக்குள்ளிருந்து வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை. தவளைகள் சட்டென்று நிறுத்திக்கொண்டன.

நாமாக இருந்தால் முதல் கியர் போட்டு, வீட்டுக்குப் போய்க் காய்ச்சலில் படுத்திருப்போம். அறிவரசன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். இன்ஜினை அணைத்து, கியரை ரிவர்ஸிலும் சாவியை ஆனிலும் விட்டான். விளக்கு எரிய வேண்டுமே. இறங்கி நடந்து, வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு விளிம்பில் நின்றான். அவன் நிழல் நீண்டு, விளிம்பைத் தாண்டி, பள்ளத்துக்குள் இறங்கியது.

"நான் வந்துட்டேன்டா. நீ மேல வா. மூஞ்சியக் காட்டு."

குனிந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன, லைட்டு ஒத்துக்கலியா?" காறித் துப்பினான்.

தொபுக்.

கல் எதுவும் உருளவில்லை. கல்லாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வண்டி ஏறினான். அப்புறம் குரலே இல்லை. ஊர் வரைக்கும் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். ஜெயித்தவன் அல்லவா.

வீட்டு முற்றத்தில் வண்டியைப் பின்னால் ஏற்றி நிறுத்தினான். ஆண்டாயி தூங்காமல் நின்றிருந்தாள். விளக்கை எரியவிட்டே இறங்கி, அவள் பக்கத்தில் போய் நின்றான்.

"பாத்தியாம்மா, எவனும் இல்ல."

ஆண்டாயி அவனைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். சுவரில் அவள் நிழல்... முந்தானை, கையிலிருந்த சொம்பு, எல்லாம் அச்சாக. பக்கத்தில் வெறும் சுவர்.

"லைட்டக் கழட்டுடா" என்று அழுதாள்.

"கழட்ட மாட்டேன். அத வச்சித்தான் போயித் திரும்ப எடுத்தாரணும்."

இன்றுவரை கழற்றவில்லை. அடிக்கடி போய் அந்த விளிம்பில் நிற்கிறான். வெயிலில் மட்டும் யாருடனும் சேர்ந்து நடப்பதில்லை.

போன மாதம் டிராக்டர் ஓட்டும் ராஜவேல் அந்தப் பாதையில் ரிவர்ஸ் எடுத்தார். அன்று ராத்திரி அறிவரசன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ஆண்டாயி பக்கத்திலேயே விழித்திருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டது இந்த முறை இளங்குரலாம்.

"வரலாம்... வரலாம்..."

நடுவில், இரண்டு இருமல்.