செவிலியர் முத்துமீனா கரைத்த உப்பு

எனது பெயர் தமிழ்வாணி, வயது 44, கணவர் பெயர் நல்லகாமன். சோழவந்தானில் குடியிருந்து, அங்குள்ள தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை நான் முதலில் செய்தது, என் கணவரின் கைப்பேசியில் அடித்த அலாரத்தை நிறுத்தியது. வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவதற்காக அவர் வைத்திருந்தது. நிறுத்தினேனே தவிர, அழிக்கவில்லை. அப்போது மதுரை சிம்மக்கல் பக்கத்துத் தனியார் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் இருந்தேன். முந்தைய வாரம் கொடிக்காலில் நின்றிருந்தபோதே தலையைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை அங்கே சேர்த்து, மூளையில் வெடித்த ரத்தக்குழாயை அடைத்திருந்தார்கள்.

அதன் பிறகு பத்து மணிக்கு உள்ளே விட்டார்கள். அவர் கையைப் பிடித்தபோது, முதல்நாள் என் விரலை இறுக்கிய வலதுகை இறுக்கவில்லை. பணியில் இருந்த செவிலியர் முத்துமீனாவிடம் சொன்னேன். அவர் உடனே டாக்டர் ஹரிஷங்கருக்குப் போன் செய்துவிட்டு, டாக்டர் சொன்னபடி உப்பைத் தண்ணீரில் கரைத்து, மூக்குக் குழாய் வழியாக ஊற்ற ஆரம்பித்தார்.

உப்பு எப்படி மருந்தாகும் என்று விசாரணை அதிகாரியான தாங்கள் கேட்டதால், டாக்டர் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன். மூளையில் கசிந்த ரத்தம் சிதையும்போது அதிலிருந்து பொட்டாசியமும் வேறு சில வேதிப்பொருள்களும் வெளிப்பட்டு, நன்றாக இருக்கும் ரத்தக்குழாய்களையும் சுருங்க வைக்கின்றன. குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் அது இறுகுகிறது. அதைத் தடுக்க மாத்திரை கொடுக்கிறார்கள். இந்த நோயில் உடம்பின் உப்பும் நீரும் சிறுநீரோடு போய்விடுவதும் உண்டு. ரத்தத்தின் அளவு குறைந்தால் இறுகிய குழாய்க்குள் அது ஓடாது. அதனால்தான் உப்பு.

முத்துமீனா உப்புநீரை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் என் கொழுந்தன் சிவபாண்டி உள்ளே வந்தார். டம்ளரில் என்ன என்று கேட்டார். முத்துமீனா உப்பு என்றார். "ஏம்மா, பிரஷர்காரருக்கு உப்பா ஊத்துற? எங்க மதினி இம்புட்டு வருசமா ஊறுகாயவே அவர் கண்ணுல காட்டல" என்றார். "டாக்டர் சொல்லித்தான்ணே. உப்பு கொறஞ்சா அண்ணனுக்கு ஆபத்து" என்றார் முத்துமீனா. நான் "தம்பி, பொறுங்க" என்று எழுந்தேன். அதற்குள் சிவபாண்டி டம்ளரைத் தட்டிவிட்டு செவிலியரைத் தள்ளினார். முத்துமீனா இரும்பு வண்டியில் மோதி விழுந்தார். இடது மணிக்கட்டு ஒடிந்தது. எழுந்தவர் முதலில் செய்தது, மற்றக் கையால் என் கணவரின் மூக்குக் குழாயை மூடியது. அதன் பிறகுதான் அழுதார்.

அதன் பிறகு டாக்டர் வந்து ஊசி வழியே திரவம் ஏற்றி, சுருங்கிய ரத்தக்குழாய்க்குள் ரத்தம் ஓடுவதற்காக ரத்த அழுத்தத்தை உயர்த்தினார். மாலையில் வலதுகை என் விரலை லேசாகப் பிடித்தது.

உப்புக் கொடுத்ததால்தான் அண்ணனின் கை விழுந்தது என்று சிவபாண்டி காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதை மறுநாள் அறிந்தேன். முத்துமீனாவைத் தள்ளிக் கையை ஒடித்ததற்காக அவர் மேலும் புகார் இருந்தது. விசாரணை முடியும்வரை முத்துமீனாவை வேலைக்கு வரவேண்டாம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். புகாரில் நானும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சிவபாண்டி கேட்டார். "நீங்க போடலைன்னா நான் உள்ள போவேன் மதினி. கொடிக்காலுக்குத் தண்ணி யாரு பாய்ச்சுவா, உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா?" என்றார். அவர் தன் அண்ணன் மேல் உயிராக இருப்பவர். அதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

கை தளர்ந்தது உப்புக் கொடுப்பதற்கு முன்பு. நான்தான் முதலில் பார்த்தேன். புகாரில் நான் கையெழுத்திடப் போவதில்லை. நீதிமன்றத்தில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். நாளை காலை அலாரம் அடித்ததும் ஆரப்பாளையத்திலிருந்து முதல் பேருந்தில் போய்க் கொடிக்காலுக்கு நானே தண்ணீர் பாய்ச்சிவிட்டு, பத்து மணிக்குள் மருத்துவமனைக்குத் திரும்பிவிடுவேன். இதை என் வீட்டில் எவரிடமும் இன்னும் சொல்லவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ந. தமிழ்வாணி