ஸ்டாண்டில் குறை இல்லை

காலை வெயில் பார்க்கத்தான் அழகு, ஐயா. மின்சாரம் என்று வந்துவிட்டால் அது ஒரு சோம்பேறி. உச்சிக்கு வந்த பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். இதை நான் எங்கும் படிக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஸ்டாண்டைத் தள்ளித் தள்ளித் தெரிந்துகொண்டேன்.

'தரமில்லாத வேலையால் நேர்ந்த விபத்து' என்று எழுதி நீங்கள் வழக்கை முடிக்கப்போவதாக என் மனைவி சொன்னாள். அதனால்தான் நானே காவல் நிலையத்தைத் தேடி வந்தேன். உட்காரச் சொன்னதற்கு நன்றி. பேனாவைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது வாடகை வீடு. மொட்டை மாடியில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரர் விடமாட்டார். இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்வது என் தொழில் என்பதால், சோலார் பேனல்களைத் தரையில் நிறுத்தி, வெயில் போகும் பக்கமெல்லாம் தள்ளிக்கொண்டு போக ஒரு ஸ்டாண்டை நானே செய்தேன். இரும்பு ஆங்கிளில் நான்கு கால்கள், அடியில் பூட்டு வைத்த சக்கரங்கள். வெயில் சாயச் சாய பேனலை நிமிர்த்திக்கொள்ள ஒரு திருகு. குழி தோண்டிக் கான்கிரீட் போட்டால் நகர்த்த முடியாது; ஆகவே காலுக்கு ஒரு டிரம் கட்டித் தண்ணீர் நிரப்பினேன். அந்தக் கனத்துக்குப் புயலே வந்தாலும் அசையாது. வீடு மாறும்போது குழாயைத் திறந்து தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட்டால் ஸ்டாண்டும் நம்மோடு கிளம்பிவிடும். அதை முதன்முதலில் வெயிலில் நிறுத்திய அன்று நான் சாப்பிடக்கூட மறந்து நின்றேன். அவ்வளவு சந்தோஷம். தெருமுனைத் தையல்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார். கல்யாணப் பெண்ணைப் பார்த்ததுபோல அவர் முகம் மலர்ந்திருந்தது.

இனி மச்சான். என் மனைவிக்கு அண்ணன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மச்சான் அந்தக் கணக்கைக் கேள்விப்பட்டதில்லை. மழைக்காலத்தில் ஒரு வாரம் தங்க வந்தவர் கோடையிலும் இருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமே கிடையாது. நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார், அடுத்தவர் உழைப்பதைக் கண்டால் மனதாரப் பாராட்டுவார். கோடை வந்ததும் ஸ்டாண்டுக்குப் பின்னால் விழும் நிழலைக் கண்டுபிடித்து, மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். நான் ஸ்டாண்டை வெயிலுக்குத் திருப்பினால் நிழல் அவரை விட்டு நகர்ந்துவிடும்.

"மாப்ளே, நிழலை எங்க தள்ளிக்கிட்டுப் போறீங்க? இப்பத்தான் கண் அசந்தேன்."

"வெயிலு அந்தப் பக்கம் போயிடுச்சு மச்சான்."

"போனாப் போகட்டும். வெயிலு என்ன நமக்குச் சொந்தமா பந்தமா?"

நான் உள்ளே போனதும் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, ஸ்டாண்டைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். மனைவியிடம் சொன்னேன். "எங்கண்ணன் பாவங்க. போயும் போயும் ஒரு நிழலுக்கா மல்லுக்கு நிப்பீங்க?" என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். விட்டுவிட்டேன்.

ஒருநாள் தையல்காரர் அளவு பேச வந்தார். ஸ்டாண்டு சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. மச்சான் படுத்தபடியே அவரை வரவேற்றார்.

"இதுல கரண்டா? ஒரு ஃபேனைச் சுத்துறதுக்கே மூச்சு வாங்குதுங்க. படுக்கறதுக்கு வேணா வாங்குங்க, சுகமா இருக்கு."

தையல்காரர் சிரித்தார். அப்புறம் பார்க்கலாம் என்று போய்விட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் ஐயா, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. என்னை அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்வது மச்சானின் உரிமை. வாயில்லாத ஸ்டாண்டு அவருக்கு என்ன கெடுதல் செய்தது?

எங்கள் பக்கம் பொழுது சாய்ந்தால் மேற்கிலிருந்து நல்ல காற்று வரும். அந்த வேளையில் பேனல் மேற்கே பார்த்துச் செங்குத்தாக நிற்கும், பாய்மரம் மாதிரி. பின்கால் டிரம்களில் தண்ணீர் இருந்து முன்கால் டிரம்கள் மட்டும் காலியானால், ஸ்டாண்டு மல்லாக்கச் சாயும். எங்கே சாயும்? நிழல் இருக்கும் இடத்தில். நிழல் இருக்கும் இடத்தில் யார் இருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

வேலை என்றால் சோதித்துப் பார்க்காமல் நான் கைமாற்றுவதில்லை. மச்சான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தபோது பேனல்களைக் கழற்றிவிட்டு, அதே அளவு, அதே எடையில் பலகை மாட்டினேன். கட்டிலில் மணல் மூட்டைகளை அடுக்கினேன். தலைக்கு ஒரு பூசணிக்காய். முதல் தடவை பலகையின் விளிம்பு கட்டிலைத் தாண்டி விழுந்தது. கட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அடுத்த தடவை பூசணிக்காய் சரியாக இரண்டாகப் பிளந்தது. அன்று சமையலுக்கு அதுதான். மச்சான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் பேனல்களைத் திரும்ப மாட்டி, அவருக்குக் கட்டில் போட்டு, உதறிய போர்வையை விரித்து, தலையணையை வைத்ததும் நான்தான். "மாப்ளே, உங்கள மாதிரி தங்கமான மனுசங்க கிடைக்கமாட்டாங்க" என்றார். காற்று கிளம்பும் நேரம் பார்த்து முன்பக்கக் குழாய்களைத் திறந்தேன். செடிகளுக்கும் தண்ணீர் தேவையாக இருந்தது. பிறகு உள்ளே போய் மனைவிக்குத் துணி மடித்துக் கொடுத்தேன்.

ஸ்டாண்டு சொன்னபடி கேட்டது. எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. மச்சான்தான் சொன்னபடி கேட்கவில்லை. தலைமாட்டில் வெயில் அடித்ததாம். தலையணையைக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு புரண்டு படுத்துவிட்டார். தலை இருக்க வேண்டிய இடத்தில் கால்கள் இருந்தன. இரண்டும் முறிந்தன. பேனல்களும் உடைந்தன, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதோடு போயிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "மாப்ள வெல்டிங் அவ்வளவுதாங்க, லேசான காத்துக்கே விட்டுப்போச்சு" என்கிறார். என் மனைவியும் தலையாட்டுகிறாள். தையல்காரர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறார். இப்போது நீங்களும் அதையே எழுதப்போகிறீர்கள்.

நேரில் வந்து பாருங்கள் ஐயா. விழுந்த பிறகும் ஒரு வெல்டிங்கூட விடவில்லை. ஒரு கால்கூட வளையவில்லை. அது தானாக விழவில்லை, விழவும் விழாது. மச்சானைக் கொல்வதற்காக நான்தான் விழவைத்தேன். எனக்கு என்ன தண்டனை என்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். ஸ்டாண்டில் குறை இல்லை என்று மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். நம்பிக்கை வரவில்லையென்றால், மச்சான் கட்டுப் பிரித்து வீட்டுக்கு வரட்டும்; உங்கள் கண்ணெதிரிலேயே இன்னொரு தடவை செய்து காட்டுகிறேன்.